நெய்யாற்றங்கரையில் மனநிறைவும் முன்னேற்றமும்

தனிமனித மனநிறைவு பொருளாதார வளர்ச்சிக்கும் சமூக முன்னேற்றத்திற்கும் பகையா? போதும் என்று இருப்பவன் உழைப்பைக் குறைப்பான். அதனால் உற்பத்தி குன்றும் என்பது ஒரு தரப்பு. ஆசைக்கு எல்லையில்லை; ஆதலால் எவ்வளவு வளர்ந்தாலும் மனம் நிறையாது என்பது மறுதரப்பு. போதும் என்பதை யார், யாருக்குச் சொல்வது என்ற வினாவை இரு தரப்புமே எழுப்புவதில்லை. தென்திருவிதாங்கூரின் வரலாறு அவ்வினாவை எழுப்புகிறது.

அகத்தியமலைப் பகுதியில் தோன்றும் நெய்யாறு, இன்று கள்ளிக்காட்டில் உள்ள அணையைக் கடந்து அருவிப்புறம், நெய்யாற்றின்கரை வழியாகப் பூவாரில் கடலைச் சேர்கிறது. அந்த அருவிப்புறத்தில் 1888ஆம் ஆண்டு சிவராத்திரியன்று ஸ்ரீநாராயண குரு சிவனைப் பிரதிட்டை செய்தார். ஈழவர் குலத்தில் பிறந்த ஒருவர் அதனைச் செய்தது சாதியடுக்கிற்கு விடப்பட்ட அறைகூவல். செய்தவரோ மருத்துவாமலைக் குகையில் தவமிருந்தவர். தமக்கென எதையும் வேண்டாதவர்.

அக்கோயிலைச் சார்ந்து எழுந்த சிறு குழுவே 1903இல் ஸ்ரீநாராயண தர்ம பரிபாலன யோகமாக வளர்ந்தது. சென்னையில் மருத்துவம் பயின்றும் சாதியின் பொருட்டுத் திருவிதாங்கூர் அரசுப்பணி மறுக்கப்பட்டு, மைசூர் அரசில் பணியாற்றிய டாக்டர் பல்பு அதனை உருவாக்கியோருள் ஒருவர். துறவியைத் தலைவராகக் கொண்ட அவ்வமைப்பு 1905இல் கொல்லத்தில் தொழிற்கண்காட்சி நடத்தியது.

இது முரண் அன்று. தாலிகெட்டுக் கல்யாணம், பூப்புச் சடங்கு முதலான ஆடம்பரங்களைக் குரு விலக்கச் சொன்னார். அவற்றால் ஈழவக் குடும்பங்கள் கடனில் மூழ்கின. சடங்கில் ‘இது போதும்’ என்ற குடும்பத்திற்கே பிள்ளையின் படிப்புக்குப் பணம் மிஞ்சும். 1928இல் அவர் இசைவளித்த சிவகிரி யாத்திரையின் எட்டு நோக்கங்களுள் கல்வி, வேளாண்மை, வணிகம், கைத்தொழில், தொழில்நுட்பப் பயிற்சி ஆகியவை இடம்பெற்றன. யாத்திரிகர்க்கு மஞ்சள் உடை விதித்தபோதும் பட்டு வாங்க வேண்டா, இருக்கும் வெள்ளாடையை மஞ்சளில் தோய்த்தால் போதும் என்றார். நுகர்வில் நிறைவு, ஆக்கத்தில் ஊக்கம் என்பதே அவர் வகுத்த நெறி.

அதே வட்டாரத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி (1863-1941) இவ்வினாவின் மறுபக்கத்தைக் காட்டினார். புலையர் தம் நிலையில் அடங்கியிருப்பதையே மேல்சாதியினர் ஒழுங்கு என்றனர். 1893இல் அவர் வில்வண்டியேறிப் பொதுவழியில் சென்றார். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது உழவுத்தொழிலாளர் வயலில் இறங்க மறுத்தனர். வேலை நின்றதால் நிலவுடைமையாளரின் விளைச்சல் கெட்டது. கூலியிழந்த குடிசைகளில் பட்டினி நிலவியது. அன்றைய உற்பத்திக் கணக்கில் அது இழப்பே. ஆயினும் எழுத்தறிந்த ஒரு தலைமுறைக்கான வழி அதில்தான் திறந்தது.

வறியோர் தம் விருப்பங்களையே சுருக்கிக்கொண்டு இல்லாமையோடு இணங்கிவிடுவர். ஆகவே அவர்களது மனநிறைவை மட்டும் கொண்டு வாழ்வை அளத்தல் பிழை என்று அமர்த்தியா சென் பிற்காலத்தில் எச்சரித்தார். திருக்குறளின் அமைப்பும் இவ்வேறுபாட்டை அறிந்ததே. அவாவறுத்தல் துறவறவியலில் நிற்கிறது. பொருள்செயல்வகை, ஆள்வினையுடைமை ஆகியவை பொருட்பாலில் உள்ளன. நல்குரவு என்னும் அதிகாரம் வறுமையின் கொடுமையைப் பேசுகிறது. வறியவனை நோக்கி ‘இருப்பதில் நிறைவு கொள்’ என்று அந்நூல் கூறவில்லை. குறளின் சில அதிகாரங்களை மலையாளத்தில் பெயர்த்த குருவும் அவ்வாறு கூறவில்லை.

ஆகவே மனநிறைவும் முன்னேற்றமும் இயல்பிலேயே பகையல்ல. தானே தேர்ந்த நிறைவு சேமிப்பாகவும் கல்வியாகவும் சமூகத்திற்குத் திரும்புகிறது. பிறர்மேல் சுமத்தப்பட்ட நிறைவோ சுமத்தியவரின் நலனையே காக்கிறது. ஒரு சமூகத்தின் மனநிறைவை ஆராய்வோர், அது மறுப்பதற்கு உரிமையுள்ளோரின் நிறைவா, மறுக்கப்பட்டோரின் மௌனமா என்பதை முதலில் தெளிதல் வேண்டும்.