தோட்டத்துப் பொலிஸும் விசேட அதிரடிப்படையும்

நுவரெலியாவுக்குக் கிழக்கே ஊவா மலைகளை நோக்கி நீளும் உடப்புசல்லாவை உள்ளிட்ட மலையகத் தோட்டங்களில், ஆயுதம் தாங்கிய பொலிஸ் என்பது விசேட அதிரடிப்படையோடு வந்த புதுமையன்று. 1866இல் ஒழுங்கமைக்கப்பட்ட இலங்கைப் பொலிஸ், தொழிற்சங்கங்கள் லயங்களுக்குள் காலூன்றத் தொடங்கிய காலத்தில், துரைமாரின் அதிகாரத்துக்குப் பக்கபலமாகத் தோட்டங்களுக்கு அழைக்கப்பட்டது. 1940 ஜனவரி 10ஆம் திகதி ஹேவாஹெட்ட முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி உயிரிழந்தார். 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணிகள் பறிக்கப்படுவதை எதிர்த்துத் திரண்டோர்மீது நடந்த பொலிஸ் சூட்டில், தலவாக்கலை டெவன் தோட்டத்தின் சிவனு லெட்சுமணன் பலியானார். இவ்விருவரையும் கொன்றது சாதாரணப் பொலிஸ்தான் என்பதை மனத்தில் இருத்திக்கொண்டே அதன் பின்வந்த படையின் வரலாற்றை நோக்க வேண்டும்.

பொலிஸ் சட்டத்தின் கீழ் இயங்கினும் இராணுவத்தைப் போலப் பயிற்சியும் ஆயுதமும் பெற்ற பிரிவே துணைப்படை எனப்படும். இந்தியாவில் 1939இலேயே ஆங்கிலேயர் அத்தகைய படையொன்றை அமைத்தனர். அதுவே பின்னாளில் மத்திய ரிசர்வ் பொலிஸ் படையாயிற்று. இலங்கையிலோ, 1983 ஜூலை வன்முறையை அடுத்து வடக்கில் ஆயுதப் போராட்டம் முற்றியபோது, ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு, கெரில்லாத் தாக்குதலை எதிர்கொள்ளப் பொலிஸுக்குள்ளேயே விசேட அதிரடிப்படை என்ற துணைப்படையை உருவாக்க முனைந்தது. ஜனாதிபதியின் மகனும் அவரது பாதுகாப்பு ஆலோசகருமான ரவி ஜயவர்தன இம்முயற்சிக்கு முன்னின்றார். பிரித்தானியாவின் எஸ்.ஏ.எஸ். எனும் சிறப்புப் படையிலிருந்து விலகியோர் நடத்திய கே.எம்.எஸ். என்ற தனியார் நிறுவனம் பயிற்சியளிக்க வரவழைக்கப்பட்டது. களுத்துறை மாவட்டத்தின் கட்டுக்குருந்த பயிற்சித் தளமாயிற்று. இவ்வாறு, குற்றவாளியைப் பிடித்து நீதிமன்றில் நிறுத்த வேண்டிய ஒரு நிறுவனத்துக்கு, எதிரியை அழிக்கும் போர்முறை வெளிநாட்டுக் கூலிப்படையினரால் கற்பிக்கப்பட்டது. இப்படையின் பிற்காலக் கேடுகள் பலவற்றுக்கும் வேர் இந்த முரணிலேயே இருக்கிறது.

1984இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் களமிறங்கிய படை, பின்னர் கிழக்கு மாகாணத்தைத் தன் முதன்மைக் களமாகக் கொண்டது. அங்கு அது பல வீரர்களை இழந்ததும், தென்னிலங்கையில் திறமையான படையெனப் பெயர் பெற்றதும் உண்மையே. ஆயினும் மட்டக்களப்பு, அம்பாறைத் தமிழருக்கு அதன் பெயர் சுற்றிவளைப்பையும் காணாமற்போதலையும் குறித்தது. 1987 ஜனவரியில் கொக்கட்டிச்சோலை இறால் பண்ணைப் பகுதியில் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டமைக்கு இப்படையே பொறுப்பெனக் குற்றஞ்சாட்டப்பட்டது. 1977க்குப் பிந்திய வன்முறைகளால் தோட்டங்களை விட்டு வடக்கு கிழக்கில் குடியேறிய மலையகத் தமிழரும் அந்தப் போர்ச்சூழலுக்குள்ளேயே சிக்கினர். ஆறுதல் தேடிச் சென்ற இடத்திலும் அவர்களுக்கு ஆறுதல் கிட்டவில்லை.

போர் 2009இல் முடிந்த பின்னரும் படை கலைக்கப்படவில்லை. பிரமுகர் பாதுகாப்பு, போதைப்பொருள் தேடுதல், சட்டவிரோத மாணிக்கக்கல் அகழ்வைத் தடுத்தல் எனப் பல பணிகள் அதற்குத் தரப்பட்டன. இன்று மலையக ஆற்றோரங்களில் அதிரடிப்படையினர் காணப்படுவது பெரும்பாலும் இத்தகைய பணிகளுக்காகவே. இப்படை பொலிஸ் மா அதிபரின் கீழ் வருவதால், இராணுவச் சட்டம் அன்றி நாட்டின் சாதாரணக் குற்றவியல் சட்டமே அதன் உறுப்பினரைக் கட்டுப்படுத்த வேண்டும். நடைமுறையில் அந்தச் சட்டமும் அவர்களை எட்டியது அரிது. அவர்களுக்குப் பயிற்சியளித்த கே.எம்.எஸ். நிறுவனத்தார்மீதான போர்க்குற்ற விசாரணையை லண்டன் மாநகரப் பொலிஸ் தொடங்கியதாக 2020இல்தான் வெளிப்பட்டது. 2006 ஜனவரி 2ஆம் திகதி திருகோணமலைக் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர் சுட்டுக்கொல்லப்பட்ட வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்ட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும், போதிய சான்று இல்லையெனக் கூறப்பட்டு, 2019 ஜூலையில் விடுவிக்கப்பட்டனர்.