யான் லியான்கே

யான் லியான்கே (பி. 1958): சீன நாவலாசிரியர். ஹெனான் மாகாணத்தின் சோங் வட்டத்தில் ஏழை உழவர் குடும்பத்தில், பெரும்பஞ்சத்தை ஒட்டிய காலத்தில் பிறந்தார். வறுமையிலிருந்து தப்ப 1978இல் ராணுவத்தில் சேர்ந்தார். எழுத்தாளராக வளர்ந்ததும் அங்கேதான்.

'லெனினின் முத்தங்கள்' நாவலில் ஓர் அதிகாரி, சுற்றுலா வருமானத்துக்காக லெனினின் உடலை ரஷ்யாவிடம் விலைக்கு வாங்கத் துடிக்கிறார். உடற்குறையுள்ளோர் வாழும் மலைக்கிராமம் ஒன்று ஊர் ஊராய் வித்தை காட்டி அதற்குப் பணம் சேர்க்கிறது. இந்நாவலை அடுத்து, 2004இல் அவர் ராணுவத்தைவிட்டு விலக நேர்ந்தது. 2005இல் அவருடைய 'மக்களுக்குச் சேவை செய்' நாவல் தடைசெய்யப்பட்டது.

தணிக்கையைவிட அவரை அதிகம் வாட்டியது, எழுதும்போதே கையைப் பிடித்து இழுக்கும் சுயதணிக்கை. 1990களில் ஹெனான் கிராமத்தார் காசுக்கு இரத்தம் விற்று, எச்ஐவி தொற்றி மாண்டார்கள். அந்தத் துயரத்தை 'டிங் கிராமத்தின் கனவு' (2006) நாவலில் இறந்துபோன சிறுவன் ஒருவன் சொல்கிறான். மக்களின் குருதி பெருங்குழாய் வழியே வெளியே பாய்வதாக முதலில் கற்பனை செய்திருந்தவர், தடைக்கு அஞ்சி அதைத் தாமே கைவிட்டார். அப்படியும் நாவல் முடக்கப்பட்டது. இந்த வலியை அவர் மறைத்ததில்லை. பின்னர், அச்சேறுமா என்ற கணக்கே இல்லாமல் எழுதிய 'நான்கு நூல்கள்' ஹாங்காங்கிலும் தைவானிலும்தான் வெளிவந்தது.

இன்னொரு கவலை, சீன வாழ்க்கை யதார்த்தவாதத்தின் பிடிக்குள் அடங்காமல் ஓடுகிறது என்பது. 'புனைவைக் கண்டறிதல்' (2011) நூலில் அவர் யதார்த்தத்தை நான்கு படிகளாக வகுத்தார்: அதிகாரம் கட்டியமைப்பது, உலகியல் சார்ந்தது, வாழ்வைத் தொடுவது, ஆன்மாவைத் தொடுவது. காரணகாரியத்தையும் அவ்வாறே பிரித்தார். காஃப்காவிடம் காரணம் சுழியம், மரபான யதார்த்தவாதத்தில் முழுமை, மார்க்கேஸிடம் பாதி. தமக்குரியது 'அகக்காரணம்' என்றார். அதாவது, நடந்திருக்க முடியாத நிகழ்வு உள்ளே கிடக்கும் உண்மையை வெளியே இழுத்துவர வேண்டும். 'நான்கு நூல்கள்' நாவலில் முகாமில் அடைபட்ட எழுத்தாளன் தன் இரத்தத்தை ஊற்றிக் கோதுமை வளர்க்கிறான்; அதிகாரிகள் காட்டிய பொய்யான விளைச்சல் கணக்குகளுக்கு மனிதர் கொடுத்த விலை அந்தக் கதிர்களில் தெரிகிறது. இம்முறைக்கு அவர் இட்ட பெயர் 'தொன்ம யதார்த்தவாதம்'. மாய யதார்த்தவாதத்தின் கிளை என்று இதைக் கொள்வது பொருந்தாது.

மூன்றாவது கவலை, மறதி. பஞ்சமும் பண்பாட்டுப் புரட்சியும் இளைய தலைமுறையின் நினைவிலிருந்து அழிக்கப்படுவதை 2013இல் எழுதினார். 2020இல் கொரோனா காலத்து இணைய விரிவுரையில், நினைவைக் காக்கும்படி மாணவர்களிடம் வேண்டினார்.

2014இல் ஃபிரான்ஸ் காஃப்கா விருதைப் பெற்ற முதல் சீனர். பெய்ஜிங் ரென்மின் பல்கலைக்கழகத்திலும் ஹாங்காங்கிலும் கற்பித்துள்ளார்.