கணக்குத் தவறிற்று, கண் தவறவில்லை

வெறுங்கண்ணால் வானை நோக்கிய பண்டை மக்கள் புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி என்னும் ஐந்து கோள்களையே அறிந்திருந்தனர். 1781 ஆம் ஆண்டில் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கியின் துணையால் யுரேனசைக் கண்டார். அக்கோளின் நடை கணக்கோடு பொருந்தவில்லை. அதற்கு அப்பால் வேறொரு கோள் இருந்து அதனை ஈர்க்கின்றது எனப் பிரெஞ்சு அறிஞர் லெவெரியே கணித்துரைத்தார். அவர் சுட்டிய இடத்திற்கு மிக அருகிலேயே, 1846 ஆம் ஆண்டில் பெர்லின் வானாய்வு நிலையத்தார் நெப்டியூனைக் கண்டனர்.

இவ்வெற்றி, பின்வந்தோர்க்குக் கணக்கின்மேல் அளவிறந்த நம்பிக்கையை ஊட்டியது. அவருள் ஒருவர் பெர்சிவல் லோவல் என்னும் அமெரிக்கச் செல்வர். 1894 ஆம் ஆண்டில் அரிசோனா மாநிலத்து பிளாக்ஸ்டாப் நகரில் வானாய்வு நிலையம் நிறுவியவர் அவர். யுரேனசின் நடையில் சிறு பிறழ்ச்சி இன்னும் எஞ்சியிருப்பதாக அவர் கருதினார். பூமியைப்போல் ஏறத்தாழ ஏழு மடங்கு நிறையுள்ள கோளொன்று நெப்டியூனுக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டார். 1916 ஆம் ஆண்டில் இறக்கும்வரை தேடியும் அதனைக் கண்டாரில்லை. அவர் நிலையத்தில் 1915 ஆம் ஆண்டில் எடுத்த படங்களிலேயே புளூட்டோ மங்கலாகப் பதிந்திருந்தது! பெரிய கோளைத் தேடியவர்க்கு அச்சிறு புள்ளி பொருட்டாகத் தோன்றவில்லை.

அந்தப் புள்ளியைக் கண்டவர் பட்டம் பெற்ற அறிஞர் அல்லர். கிளைட் டோம்பா என்னும் உழவர் மகன். கான்சாஸ் மாநிலத்தில் அவர் குடும்பத்தின் பயிரை ஆலங்கட்டி மழை அழித்தது. கல்லூரிக் கனவும் அதனோடு அழிந்தது. எனினும் அவ்விளைஞர் தம் கையாலேயே கண்ணாடி தேய்த்துத் தொலைநோக்கி செய்தார். செவ்வாயையும் வியாழனையும் கண்டபடி வரைந்து லோவல் நிலையத்திற்கு அனுப்பினார். அவ்வோவியங்களே அவருக்குப் பரிந்துரைக் கடிதமாயின. 1929 ஆம் ஆண்டு சனவரியில் அவர் அங்கு வேலையிற் சேர்ந்தார்.

குளிர் மிகுந்த இரவுகளில் வானைப் படம் பிடிப்பதும், ஒரே பகுதியைச் சில நாள் இடைவிட்டு எடுத்த இரு தகடுகளை ஒப்பிடுவதும் அவர் பணி. விண்மீன்கள் இடம் மாறா, கோள் மாறும். ஒரு தகட்டிலேயே இலட்சத்திற்கு மேற்பட்ட புள்ளிகள் இருப்பதுண்டு. அவற்றிடையே நகர்ந்த ஒரு புள்ளியை 1930 ஆம் ஆண்டு பிப்ரவரி 18 ஆம் நாள் அவர் கண்டார். அப்போது அவருக்கு வயது 24.

லோவலின் கணக்கு பலித்தது என்று உலகம் போற்றியது. உண்மை வேறு. 1978 ஆம் ஆண்டில் புளூட்டோவின் துணைக்கோள் காரன் கண்டறியப்பட்டபின் அதன் நிறையைத் துல்லியமாக அளக்க முடிந்தது. அது பூமியின் நிறையில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கே! யுரேனசை அசைக்க அதற்கு ஏது வலிமை? 1989 ஆம் ஆண்டில் வாயேஜர் 2 கலம் நெப்டியூனின் நிறையைச் செம்மையாக அறியத் தந்தது. அதைக்கொண்டு 1993 ஆம் ஆண்டில் மீண்டும் கணக்கிட்டபோது, அந்தப் பிறழ்ச்சியே இல்லையென்றாயிற்று. இல்லாத குறைக்குக் காரணம் தேடியது கணக்கு. இருந்த பொருளைக் கண்டது உழைப்பு.

1992 ஆம் ஆண்டில் டேவிட் ஜூயிட், ஜேன் லூ ஆகிய இருவர், ஐந்தாண்டுத் தேடலுக்குப்பின் புளூட்டோவுக்கு அப்பால் மற்றொரு சிறு பொருளைக் கண்டனர். அதன்பின் அத்தகையவை ஆயிரக்கணக்கில் தெரியவந்தன. 2005 ஆம் ஆண்டில் அறியப்பட்ட ஏரிஸ், புளூட்டோவைவிட நிறை மிக்கது. ஏரிசும் கோளா, அன்றிப் புளூட்டோவும் கோளன்றா என்ற வழக்கு எழுந்தது. 2006 ஆம் ஆண்டு ஆகஸ்டு 24 ஆம் நாள் பிராகா நகரில் கூடிய அனைத்துலக வானியல் ஒன்றியம், தன் பாதைச் சூழலில் தானே மேலோங்கி நில்லாதது கோளன்று என வரையறுத்தது. புளூட்டோவும் ஏரிசும், 1801 ஆம் ஆண்டிலேயே காணப்பட்ட சீரிசும் குறுங்கோள்களாயின. பின்னர் ஹௌமியாவும் மாக்கிமாக்கியும் அவ்வரிசையிற் சேர்ந்தன.

அதே ஆண்டு சனவரியில் நியூ ஹொரைசன்ஸ் கலம் புறப்பட்டபோது புளூட்டோ கோளாக இருந்தது; 2015 ஆம் ஆண்டு ஜூலையில் கலம் அதனை அணுகியபோது குறுங்கோளாகியிருந்தது. நைட்ரசன் பனிச் சமவெளியும் நீர்ப்பனி மலைகளும் அங்கே காணப்பட்டன. 1997 ஆம் ஆண்டில் மறைந்த டோம்பாவின் சாம்பலில் ஒரு சிறிதையும் அக்கலம் சுமந்து சென்றது.

ஒன்பதாம் கோளைக் கண்டவர் என்ற பெயர் டோம்பாவை விட்டு நீங்கியது. நெப்டியூனுக்கு அப்பால் உலவும் பெருங்கூட்டத்தின் முதற்பொருளைக் கண்டவர் என்ற பெயர் நிலைத்தது. பின்னதே பெரிது. பட்டியல்கள் மனிதர் வகுப்பவை, அவை மாறும். கண்டதைக் கண்டபடி குறித்துவைத்த உழைப்பு மாறுவதில்லை.