கம்பி வழியே கதைத்த கணனி



மலர்க் குழுவினர் "ஏதாவது எழுதித் தாரும்" என்று கேட்டார்கள். எனக்குக் கவிதை வராது. அரசியல் எழுத வேறு ஆக்கள் இருக்கினம். ஆகவே எனக்குத் தெரிந்த ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறேன். அதுதான் மோடெம். நான் இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஊரில் உயர்தரம் கணிதப் பிரிவில் படித்ததோடு என் படிப்பு நின்றுவிட்டது. எங்கள் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டும் பழைய மெசின் ஒன்றின் பின்பக்கம் ஒரு மோடெம் பூட்டியிருந்தது. மெசின் பிழைத்தால், அதைச் செய்த கொம்பனிக்காரர் வேறு நாட்டிலிருந்து அந்த மோடெமுக்கு ரெலிபோன் எடுத்து, மெசினுக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்பார்கள். அதைக் கழற்றும்வரை பார்த்துக்கொள்ளும் பொறுப்பு என்னிடம் இருந்தது. அந்த ஆர்வத்தில்தான் இதன் வரலாற்றைத் தேடி வாசித்தேன். வாசிக்க வாசிக்க, இது வெறும் மின்சாமான் ஒன்றின் கதை இல்லை, ரெலிபோன் கம்பியில் யாருக்கு உரிமை என்ற கதையும் என்று விளங்கியது.

குரலுக்குப் போட்ட பாதை

ரெலிபோன் கம்பி மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறக்குறைய 300 ஹேர்ட்ஸ் முதல் 3,400 ஹேர்ட்ஸ் வரையான மீடிறன்களையே அது கொண்டுசெல்லும். கணனியோ 0, 1 என்ற இரண்டை மட்டுமே அறியும். அந்த இரண்டையும் கம்பி சுமக்கக்கூடிய ஒலியாக மாற்றி அனுப்பி, மறுபக்கத்தில் திரும்பவும் 0, 1 ஆக்குவதுதான் மோடெமின் வேலை. மொடுலேற்றர், டிமொடுலேற்றர் என்ற இரண்டு சொற்களைச் சேர்த்து வந்த பெயர் அது.

1950களில் அமெரிக்காவின் வான் பாதுகாப்புக்கான 'சேஜ்' திட்டத்தில், ராடர் நிலையங்களைக் கணனிகளோடு இணைக்க இவ்வகைக் கருவிகள் பாவிக்கப்பட்டன. 1962இல் ஏ.ரி. அன்ட் ரி. கொம்பனி 'பெல் 103' என்ற மோடெமை வெளியிட்டது. அழைக்கும் பக்கம் 1,070 ஹேர்ட்ஸ் என்றால் 0, 1,270 ஹேர்ட்ஸ் என்றால் 1. பதில் சொல்லும் பக்கத்துக்கு 2,025, 2,225. இரண்டு பக்கமும் வேறு வேறு சுருதியில் பாடுவதால் ஒரே நேரத்தில் இருவரும் கதைக்கலாம். வேகம் விநாடிக்கு 300 பிட், அதாவது விநாடிக்கு 30 எழுத்து. ஒரு பக்கக் கடிதம் போய்ச் சேர ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும்.

கம்பியில் யார் தொடலாம்?

அந்தக் காலத்தில் ரெலிபோன் கொம்பனி தந்த கருவியைத் தவிர வேறெதையும் லைனில் பூட்டக்கூடாது என்பது சட்டம் போல இருந்தது. இதை முதலில் சுற்றிக் கடந்தவர்களில் முக்கியமானவர்கள் காது கேளாதவர்கள் என்பது பலருக்குத் தெரியாது. றொபேட் வைற்பிறெக்ற் என்பவர் கலிபோர்னியாவில் வாழ்ந்த பௌதிகவியலாளர். பிறவியிலேயே காது கேளாதவர். ஜேம்ஸ் மார்ஸ்ரர்ஸ் என்ற, அவரைப் போலவே காது கேளாத பல் வைத்தியர் அவரோடு சேர்ந்தார். பழைய தட்டச்சுத் தந்திக் கருவிகள் இரண்டை ரெலிபோன் வழியாகப் பேசவைக்க இருவரும் முனைந்தார்கள். லைனில் வயரைப் பூட்ட அனுமதி இல்லையே! ஆகவே ரெலிபோன் றிசீவரை ஒரு தொட்டில் போன்ற பெட்டியில் வைத்து, ஒலியை மட்டும் அதற்குள் விட்டார்கள். 1964இல் அது வேலை செய்தது. ரெலிபோன் கண்டுபிடித்து ஏறக்குறைய 90 வருடங்களுக்குப் பிறகுதான், காது கேளாத இருவர் பிறர் உதவியின்றி அதில் பேசிக்கொண்டார்கள்.

1968இல் 'காட்டர்போன்' என்ற கருவி பற்றிய வழக்கில் அமெரிக்கத் தொடர்பாடல் ஆணைக்குழு ஒரு தீர்ப்பு வழங்கியது. வலையமைப்புக்குத் தீங்கு செய்யாத வெளியார் கருவியைத் தடுக்க முடியாது என்பது அதன் சாரம். பிரித்தானியாவில் இந்தக் கதவு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தோடுதான் திறந்தது. அதன் பின்பும் அனுமதி பெற்ற கருவிக்குப் பச்சை வட்டமும், பெறாததற்குச் சிவப்பு முக்கோணமும் ஒட்டியிருக்கும்.

கட்டளை கேட்ட பெட்டி

1977இல் அமெரிக்காவின் அட்லான்டா நகரில் டெனிஸ் ஹேய்ஸ் என்பவர் தன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்து மோடெம் செய்யத் தொடங்கினார். கூட்டாளி டேல் ஹெதரிங்ரன். 1981இல் அவர்கள் வெளியிட்ட 'ஸ்மாட்மோடெம்' தானே நம்பர் சுழற்றும், தானே துண்டிக்கும். எல்லாக் கட்டளையும் ஏ.ரி. என்ற இரண்டு எழுத்தில் தொடங்கும். 'அட்டென்ஷன்', அதாவது 'கவனி' என்று பொருள். ஏ.ரி.டி.ரி. என்று எழுதி நம்பரைப் போட்டால் அழைக்கும். ஏ.ரி.எச். என்றால் தொடர்பைத் துண்டிக்கும். இணைப்பில் இருக்கும்போது மோடெமோடு பேசவேண்டுமென்றால், ஒரு விநாடி சும்மா இருந்து, +++ என்று அடித்து, திரும்பவும் ஒரு விநாடி சும்மா இருக்கவேண்டும். மற்றக் கொம்பனிகள் எல்லாம் இதையே பின்பற்றின. ஹேய்ஸ் கொம்பனி 1998இல் வங்குரோத்துக்கு விண்ணப்பித்து, அடுத்த வருடம் மூடப்பட்டது. ஆனால் அவர்களுடைய கட்டளைகள் கைத்தொலைபேசிகளின் மோடெம்களுக்கும் வந்து சேர்ந்தன.

வேகமும் ஏறியது. ஐ.பி.எம். கொம்பனியின் சூரிச் ஆய்வுகூடத்தில் கொட்ஃபிறீட் உங்கர்பொக் என்பவர் 1982இல் வெளியிட்ட கணித முறை, இரைச்சல் உள்ள லைனிலும் பிழை குறைத்து அனுப்ப வழிகாட்டியது. 1991இல் 14,400 பிட், 1994இல் 28,800, 1996இல் 33,600, 1998இல் 'வி.90' முறையில் 56,000. அதற்கு மேல் போக இடமில்லை. ரெலிபோன் நிலையம் ஒரு குரலுக்கு ஒதுக்குவதே 64,000 பிட்தான்.

அந்தச் சத்தம் என்ன சொன்னது?

90களில் இணையம் பாவித்தவர்களுக்கு அந்தக் 'கீ... கர்ர்ர்' சத்தம் மறக்காது. அது வெறும் கத்தல் அல்ல. முதலில் பதில் சொல்லும் மோடெம் 2,100 ஹேர்ட்ஸில் ஊதும். நீண்ட லைன்களில் எதிரொலியைத் தடுக்கும் கருவிகளை விலகி நிற்கச் சொல்லும் அறிவிப்பு அது. பின்பு இரண்டும் "உனக்கு எந்த முறை தெரியும்?" என்று கேட்டுக்கொள்ளும். அடுத்து, பல மீடிறன்களை ஒன்றாக அனுப்பி, எது தேய்கிறது, எது நன்றாகப் போகிறது என்று லைனை அளக்கும். கடைசியில் வரும் இரைச்சல், அந்த அளவுக்கேற்பத் தங்களைச் சரிசெய்யும் பயிற்சி. பயிற்சி முடிந்ததும் ஸ்பீக்கர் தானாக நின்றுவிடும். சத்தத்தைக் கேட்கவைத்ததற்குக் காரணமும் உண்டு. லைன் பிஸியா, பிழையான நம்பரில் யாரோ ஒரு மனிதர் "ஹலோ, ஹலோ" என்கிறாரா என்று எங்களுக்குத் தெரியவேண்டுமே!

பிழை தேடும் ஒழுங்கு

எனக்குப் பழக்கித் தந்த மூத்த மின்னியலாளர் ஒருவர் சொல்வார், "சுவரிலிருந்து தொடங்கு, கணனிக்குக் கடைசியில் போ" என்று. அந்த ஒழுங்கிலேயே எழுதுகிறேன்.

முதலில் வயர். பிரித்தானியச் சுவர் சொக்கெற்றில் லைன் வரும் ஊசிகளும், மோடெமில் லைன் எதிர்பார்க்கும் ஊசிகளும் ஒன்றல்ல. பார்வைக்கு ஒரே மாதிரியான இரண்டு வயர்களில் ஒன்று வேலை செய்யும், மற்றது செத்துக் கிடக்கும்.

இரண்டாவது டயல் ரோன். வேறு நாட்டுக்கென்று செய்த மோடெமுக்கு இந்த நாட்டு டயல் ரோன் விளங்காது. பதிவில் செய்தி காத்திருந்தால் வரும் விட்டுவிட்டு ஒலிக்கும் ரோனும் அதைக் குழப்பும். "டயல் ரோன் இல்லை" என்று அடம்பிடிக்கும். அப்போது ஏ.ரி.எக்ஸ்.3 என்று கட்டளை கொடுத்தால், ரோனுக்குக் காத்திராமல் சுழற்றும்.

மூன்றாவது இடையில் அறுவது. வேறொருவர் அழைக்கும்போது லைனில் வரும் சின்ன 'பீப்' போதும், இணைப்புப் போய்விடும். #43# என்று அடித்து அந்த வசதியை முதலில் நிறுத்தவேண்டும். மேல்மாடி ரெலிபோனை வீட்டில் யாரும் தூக்கினாலும் இதே கதிதான். எத்தனை வீட்டில் இதற்குச் சண்டை நடந்தது என்று எங்கட மூத்தவர்களைக் கேளுங்கள்!

நான்காவது எழுத்துத் தொலைவது. லைன் நல்லது, மோடெம் நல்லது, ஆனாலும் கோப்பு அரைகுறையாக வரும். காரணம் கணனியின் உள்ளே இருக்கும். பழைய '8250' சிப் ஒரே ஒரு எழுத்தைத்தான் கையில் வைத்திருக்கும். கணனி அதை எடுக்கப் பிந்தினால் அடுத்தது வந்து அதை அழித்துவிடும். '16550' சிப்பில் 16 எழுத்துக்கு இடம் உண்டு.

ரவுட்டர் தானாக எடுத்த அழைப்புகள்

பல கணனிகள் உள்ள கந்தோர்களில் ஒரு ரவுட்டர், தேவை வரும்போது தானே லைனை எடுக்கும், வேலை முடிந்தால் வைக்கும். நல்ல யோசனைதான். ஆனால் கணனிகள் மனிதருக்குத் தெரியாமல் ஒன்றையொன்று பெயர் சொல்லித் தேடிக்கொண்டே இருக்கும். அந்தத் தேடல் வெளியே போக முயன்றால், ரவுட்டர் அதையும் வேலை என்று நினைத்து லைனை எடுக்கும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்தால் ஒரு நாளில் 144 அழைப்பு. ஒன்றுக்கு 5 பென்ஸ் என்று வைத்தாலும் நாளுக்கு 7.20 பவுண், 30 நாளில் 216 பவுண். யாரும் ஒரு எழுத்துக்கூட வாசித்திருக்க மாட்டார்கள்! இதற்கு மருந்து, எந்தப் போக்குவரத்துக்காக லைனை எடுக்கலாம், எதற்கு எடுக்கக்கூடாது என்று பட்டியல் எழுதிக் கொடுப்பது. சும்மா கிடந்தால் எத்தனை விநாடியில் வைக்கவேண்டும் என்றும் சொல்லவேண்டும். சிஸ்கோ ரவுட்டர்களில் நாங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அது 120 விநாடி.

எங்கள் மொழியும் அந்தக் கம்பியும்

1990களின் முதற்பாதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரமும் இல்லை, தொலைபேசியும் இல்லை. அதே காலத்தில் புலம்பெயர்ந்த தமிழர் கையில் இந்த மோடெம் வந்துசேர்ந்தது. மாலை 6 மணிக்குப் பிறகும் சனி ஞாயிறிலும் கட்டணம் குறைவு என்பதால் பகல் முழுக்கக் காத்திருப்பார்களாம். ஒவ்வொரு தமிழ்ப் பக்கத்துக்கும் வேறு வேறு எழுத்துரு. அதை முதலில் இறக்காவிட்டால் திரையில் புரியாத குறிகள்தான். 1998 பொங்கலோடு, சுவிற்சர்லாந்தில் வாழ்ந்த கல்யாணசுந்தரம் அவர்கள் மதுரைத் திட்டத்தைத் தொடக்கினார். பல நாட்டுத் தொண்டர்கள் பழந்தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்து, யாரும் இலவசமாக எடுக்க வைத்தார்கள்.

இதற்கு அந்த மெதுவான லைன் போதுமாயிருந்தது என்பதுதான் எனக்கு வியப்பு. ஒரு இலட்சம் பைட் உள்ள ஒரு நூல் 28,800 மோடெமில் அரை நிமிடத்தில் வந்துவிடும். இன்று கைத்தொலைபேசியில் எடுக்கும் 50 இலட்சம் பைட் படம் ஒன்றுக்கோ 23 நிமிடம் வேண்டும். அந்தக் கம்பி படத்துக்கு ஒடுக்கம், எழுத்துக்கு அகலம்.

கம்பி போகிறது, கவனம்

அமெரிக்காவில் ஏ.ஓ.எல். கொம்பனி தன் டயல் சேவையை 2025 செப்டெம்பர் 30இல் நிறுத்தியது. பிரித்தானியாவில் பழைய ரெலிபோன் வலையமைப்பை 2025 முடிவில் மூடுவதாக இருந்து, 2024 மே மாதத்தில் அதை 2027 ஜனவரி இறுதிக்குத் தள்ளிவைத்தார்கள். ஏன் தெரியுமா? பழைய லைனில் தங்கியிருப்பது மோடெம் மட்டுமல்ல. தனியே இருக்கும் வயோதிபர்கள் கழுத்தில் அணியும் அலாரத்தின் பெட்டியும், மோடெம் போலவே, ஒலிச் சமிக்ஞையால் லைனில் பேசுகிறது. புதிய லைனுக்கு மாற்றியபோது சில அலாரங்கள் வேலை செய்யாமற்போய், பாரதூரமான சம்பவங்கள் நடந்தன. 2023 டிசெம்பரில் அரசாங்கமும் கொம்பனிகளும் பாதுகாப்பு உடன்பாடு ஒன்றுக்கு வரவேண்டியதாயிற்று.

இன்னொரு விஷயம். பழைய ரெலிபோனுக்கு வேண்டிய கரண்டை, ஏறக்குறைய 50 வோல்ற், ரெலிபோன் நிலையமே கம்பி வழியாகத் தரும். வீட்டில் மின்சாரம் நின்றாலும் அது வேலை செய்யும். புதியது ரவுட்டரில் தங்கியிருக்கிறது. கரண்ட் போனால் ரெலிபோனும் போய்விடும். எங்கட பெரியவர்கள் பலருக்கு ஆங்கிலத்தில் வரும் கடிதம் விளங்காது. "மாற்றப் போகிறோம்" என்று எழுதியிருப்பதை விளம்பரம் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

ஆகவே இந்தச் சித்திரைக்குக் கைவிசேஷம் வாங்கப் பெரியவர்கள் வீட்டுக்குப் போகும் இளைஞர்களே, பலகாரம் சாப்பிட்ட கையோடு ரெலிபோன் மேசையையும் ஒருக்கால் பாருங்கள். அலாரம் இருந்தால் ரெலிபோன் கொம்பனிக்கு அதைக் கட்டாயம் சொல்லுங்கள். அலாரப் பெட்டி புதிய லைனில் வேலை செய்யுமா என்று, அதைக் கொடுத்தவர்களிடம் கேளுங்கள். கரண்ட் நின்றாலும் ஆகக்குறைந்தது ஒரு மணித்தியாலம் அவசர அழைப்பு எடுக்க வழி செய்து தரவேண்டும் என்பது ஒஃப்கொம் என்ற கண்காணிப்பு அமைப்பின் வழிகாட்டல். பற்றரி உள்ள கருவி தருவீர்களா என்று கேளுங்கள். மாற்றிய அன்று அலாரப் பொத்தானை ஒருமுறை அமத்தி, மறுபக்கத்தில் ஆள் பதில் சொல்கிறாரா என்று காதால் கேட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.