ரஃப் நோட்டு

2005-இல் மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டிக்கு வரலாறு முதுகலை படிக்கப் போனபோது என் பையில் இரண்டு நோட்டுகள் இருந்தன. ஃபேர் நோட்டில் மார்ஜின், தலைப்புக்கு அடிக்கோடு, முத்து முத்தான கையெழுத்து. ரஃப் நோட்டு வகுப்பில் ஓடுகிற கை எழுதியது. நான் இன்றைக்கும் பத்திரமாக வைத்திருப்பது இந்த ரஃப் நோட்டைத்தான்.

அதில் ஒரு பக்கம். மேலே 'பி4 1857' என்றிருக்கிறது. 'பிஃபோர்' என்பதில் பாதியை எண் விழுங்கிவிட்டது. அடுத்த வரியில் உயிரெழுத்து எல்லாம் உதிர்ந்த 'கவர்ன்மென்ட்'. அதற்குக் கீழே ௸. அது அப்பாவிடமிருந்து வந்தது. பூம்பாறையிலிருந்து வடுகபட்டிச் சந்தைக்குப் பூண்டு மூட்டை ஏற்றும்போது துண்டுச்சீட்டில் ஒரே பெயரை இரண்டாம் முறை எழுத மாட்டார். மேற்படி என்று அந்த ஒற்றைக் குறியைப் போட்டுவிட்டு அடுத்த மூட்டைக்குப் போய்விடுவார்.

'பி4' செல்போன் தந்தது. உலகின் முதல் குறுஞ்செய்தி போனது 1992 டிசம்பர் 3-இல். ஒரு செய்திக்குள் ஆங்கில எழுத்து 160 அடங்கும். தமிழில் அடித்தால் 70தான், அதிலும் மெய்யின் புள்ளி தனிக் கணக்கு. ஆங்கிலத்திலும் ஒரு 'எஸ்' வேண்டுமென்றால் 7-ஐ நான்கு தடவை அழுத்த வேண்டியிருந்தது. கட்டைவிரல் நோக, நாங்கள் தமிழையே ஆங்கில எழுத்தில், உயிரைக் கழித்து அனுப்பினோம். கழிப்பது பழைய வித்தைதான். ஓலைச்சுவடியில் பெரும்பாலும் புள்ளி வைக்க மாட்டார்கள்; படிக்கிறவர் மனதில் வைத்துக்கொள்வார். 1837-இல் ஐசக் பிட்மன் வெளியிட்ட சுருக்கெழுத்தில் மெய்க்குத்தான் கோடு; உயிருக்கு ஓரத்தில் புள்ளியும் சிறுகீற்றும், வேகம் கூடினால் அவற்றையும் விட்டுவிடலாம். என் அம்மா வத்தலக்குண்டில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் அதைக் கற்றவர். கல்யாணத்துக்குப் பிறகு பால் கணக்குக்கு மட்டும் அது பயன்பட்டது. அதை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அட்டுவம்பட்டிக்கு முன் நான் இளங்கலை படித்தது ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்த கல்லூரி. பையன்களுக்கு ஒரு நோட்டு போதும். எங்களுக்கு இரண்டு, ஏனென்றால் பரீட்சைக்கு முன்னால் ஜெராக்ஸ் கடைக்குப் போவது எங்கள் நோட்டு. பகலில் கிறுக்கியதை ராத்திரி உட்கார்ந்து அழகாகத் திருப்பி எழுதுவோம். ஒருமுறை விடைத்தாளிலேயே 'பி4' விழுந்துவிட்டது. ஆசிரியர் சிவப்பில் வட்டம் போட்டு, "பொம்பளப் பிள்ளை எழுதுற எழுத்தா இது?" என்று கேட்டார். பக்கத்து பெஞ்சுப் பையனும் அதையேதான் எழுதியிருந்தான். அவனுக்கு மதிப்பெண் மட்டும் குறைந்தது.

அட்டுவம்பட்டியில் இருந்தது 1984-இல் தொடங்கிய அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். அங்கே ஃபேர் நோட்டை யாரும் கேட்கவில்லை. ரஃப் நோட்டே கைக்குக் கை போனது. மார்கழியில் விரல் மடங்காது. பனி ஈரம் ஏறிய தாளில் பால்பாயின்ட் பிடிக்காது, உள்ளங்கையில் உருட்டிச் சூடேற்றித்தான் எழுதுவோம். குளிர் கூடக் கூடச் சொற்கள் குட்டையாகின. தூத்துக்குடிக்காரத் தோழி 'ஆகவே'க்கு மூன்று புள்ளி வைப்பாள். அவளுக்கு ௸ தெரியாது. சொல்லிக்கொடுத்தேன். பொங்கல் விடுமுறைக்குள் வகுப்பு முழுக்க அப்பாவின் குறி பரவியிருந்தது.

இரண்டாம் செமஸ்டருக்கு நான் ஃபேர் நோட்டு வாங்கவில்லை.