தோட்டத்து முதியோர் காப்பு

நோய்க்கு மருந்தும், இருக்க இடமும், உடனிருக்க ஆளும் ஒருசேரக் கிடைப்பதே முதுமைக்குக் காப்பாகும். மலாயாத் தோட்ட வரலாற்றில் இம்மூன்றும் கூடி நின்ற காலம் அரிது.

1907-இல் அமைந்த குடியேற்ற நிதிக்கு முதலாளிமார் செலுத்திய தொகை, தமிழகத்தினின்று ஆள் கொணரவே முதன்மையாகப் பயன்பட்டது. உழைக்க இயலாதோரைத் தாயகம் அனுப்பவும், போக்கிடமற்றோர்க்கு இல்லம் நடத்தவும் அதில் ஒரு பங்கு சென்றது. தோட்ட மருத்துவமனையும் டிரெசரும் இருந்தது உண்மையே; ஆயினும் அவை உழைப்போரைப் பேணுதற்கென எழுந்தவை. வேலை நின்றால் லயத்து வீடும் கைவிட்டுப் போகும்.

1951-இல் ஊழியர் சேமநிதி வந்தது. தொடக்கத்தில் அது முதுமைக்குக் கைப்பொருள் தந்ததேயன்றிக் கூரை தரவில்லை. 1958-இல் பழைய நிதியின் எச்சம் தென்னிந்தியத் தொழிலாளர் நிதியாயிற்று. 1999-இல் அதுவும் கலைக்கப்பட்டது. 1950-களில் விரிந்த நாட்டுப்புறச் சுகாதாரச் சேவை கிராமங்களை நாடியது. தோட்டமோ முதலாளியின் பொறுப்பென விடப்பட்டது.

மஸ்ஜித் தானா வட்டாரத்தில், தோட்டம் விட்டு வந்த முதியோர்க்கு இன்று அரசு சுகாதார நிலையம் திறந்தேயுள்ளது. அங்கே அழைத்துச் செல்ல ஆளும், திரும்பிவர வீடும் உண்டா என்பதே வரலாறு விட்டுச் சென்ற வினாவாகும்.