கிளாடா மோதிரம்: அணியும் திசை சொல்லும் செய்தி

கிளாடா மோதிரம் என்பது அயர்லாந்தின் மேற்குக் கரையில் உள்ள கால்வே நகரத்தின் மரபு மோதிரமாகும். இரண்டு கைகள் ஓர் இதயத்தை ஏந்தி நிற்க, அந்த இதயத்தின் மேல் ஒரு கிரீடம் அமைந்திருக்கும். கைகள் நட்பையும், இதயம் அன்பையும், கிரீடம் மாறாத பற்றையும் குறிக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

இந்த மோதிரத்தை எந்தக் கையில் அணிகிறார், இதயத்தின் கூர்முனை எந்தப் பக்கம் நோக்கி இருக்கிறது என்பதைக் கொண்டு அணிந்தவர் துணையின்றி இருக்கிறாரா, காதலில் இருக்கிறாரா, மணமானவரா என்று அறியலாம் என்ற வழக்கம் இன்று பல நாடுகளில் பரவியுள்ளது. இதை அயர்லாந்தின் தொன்மையான மரபு என்றே பலரும் நம்புகின்றனர். மோதிரம் சுமார் 300 ஆண்டுகள் பழமையானது. ஆனால் அதன் திசையைப் படிக்கும் வழக்கம் அதைவிட மிகவும் இளையது. ஒரே அணி வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு செய்திகளைச் சொன்ன வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

கிளாடா என்னும் ஊர்

'கிளாடா' என்பது ஐரிஷ் மொழியில் கற்கள் நிறைந்த கடற்கரையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. காரிப் ஆறு கால்வே விரிகுடாவில் கலக்கும் இடத்தில், ஆற்றின் மேற்குக் கரையில் இருந்த மீனவர் குடியிருப்பு இது. கோட்டை மதிலுக்குள் வணிகக் குடும்பங்கள் வாழ்ந்தன. அவற்றுள் செல்வாக்கு மிக்க 14 குடும்பங்களைக் 'கால்வேயின் பழங்குடிகள்' என்று அழைப்பர். மதிலுக்கு வெளியே கிளாடா மீனவர்கள் ஐரிஷ் மொழி பேசி, தமக்கென்று தனி வழக்கங்களோடு வாழ்ந்தனர். தங்களுக்குள் ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்து 'கிளாடாவின் அரசர்' என்று அழைத்தனர். தொழிலில் எழும் சச்சரவுகளை அவர் தீர்த்துவைப்பார்.

ஓலை வேய்ந்த அவர்களுடைய பழைய வீடுகள் 1930களில் இடிக்கப்பட்டு, புதிய வீடுகள் கட்டப்பட்டன. ஊரின் பழைய தோற்றம் மறைந்தது. அதன் பெயரை உலகெங்கும் எடுத்துச் சென்றது மோதிரமே. இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மோதிரத்தைச் செய்தவர்கள் கால்வே நகரத்துப் பொற்கொல்லர்கள்; மீனவர்கள் அதை வாங்கி அணிந்தவர்கள். 'கிளாடா மோதிரம்' என்ற பெயரும் 1830ஆம் ஆண்டுக்குப் பின்னரே வழக்கத்துக்கு வந்தது.

வடிவத்தின் மூலம்

இரண்டு கைகள் ஒன்றையொன்று பற்றியிருக்கும் மோதிரங்கள் ரோமானியர் காலத்திலேயே இருந்தன. கைப்பற்றுதல் என்பது உறுதிமொழியின் அடையாளம். இடைக்கால ஐரோப்பாவில் நிச்சயதார்த்தத்துக்கும் திருமணத்துக்கும் இத்தகைய மோதிரங்களை வழங்கினர். நம்பிக்கை எனப் பொருள்படும் இத்தாலியச் சொல்லால் இவற்றை 'ஃபேதே' மோதிரங்கள் என்பர். கிளாடா மோதிரம் இந்தப் பெரிய குடும்பத்தின் ஒரு கிளை. கைகளுக்கு நடுவே இதயமும், அதன் மேல் கிரீடமும் சேர்ந்தது கால்வே பொற்கொல்லர்களின் தனித்தன்மை.

ரிச்சர்ட் ஜாய்ஸ்: கதையும் சான்றும்

மோதிரத்தின் தோற்றம் பற்றி அதிகம் சொல்லப்படும் பெயர் ரிச்சர்ட் ஜாய்ஸ். மேற்சொன்ன 14 குடும்பங்களுள் ஒன்றைச் சேர்ந்தவர். மேற்கிந்தியத் தீவுகளுக்குக் கப்பலில் சென்றபோது கடற்கொள்ளையரிடம் சிக்கி, அல்ஜியர்ஸ் நகரில் ஒரு பொற்கொல்லருக்கு அடிமையாக விற்கப்பட்டார். அங்கே அந்தத் தொழிலைக் கற்றார். இங்கிலாந்து அரசர் மூன்றாம் வில்லியம் 1689இல் அடிமைப்பட்டிருந்த தம் குடிமக்களை விடுவிக்கக் கோரியபோது ஜாய்சும் விடுதலை பெற்றார். தம் மகளையும் செல்வத்தில் பாதியையும் தருவதாக எசமானர் சொல்லியும், அதை மறுத்து ஊர் திரும்பிப் பொற்கொல்லராக வாழ்ந்தார். ஜேம்ஸ் ஹார்டிமன் 1820இல் வெளியிட்ட கால்வே வரலாற்று நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது.

அடிமையாக இருந்தபோதே ஊரில் காத்திருந்த காதலிக்காக அவர் இந்த மோதிரத்தை வடித்தார் என்பது மக்கள் வாயில் வளர்ந்த பகுதி. சான்று என்று கையில் இருப்பவை, 1700ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தைச் சேர்ந்த, அவருடைய முத்திரை பொறித்த மோதிரங்கள். அதே காலத்தில் கால்வேயில் பார்தலோமியு ஃபாலன் என்ற பொற்கொல்லரும் இவ்வகை மோதிரங்களைச் செய்திருக்கிறார். எனவே ஒரே ஒருவரின் காதலில் பிறந்த வடிவம் என்பதைவிட, ஒரு நகரத்துக் கம்மியர்களின் கையில் உருவான வடிவம் என்பதே பொருந்தும். மார்கரெட் ஜாய்ஸ் என்ற பெண்ணின் மடியில் கழுகு ஒன்று இந்த மோதிரத்தைப் போட்டுச் சென்றது என்னும் கதையும் உண்டு.

தாயிடமிருந்து மகளுக்கு

19ஆம் நூற்றாண்டுப் பயணிகளின் குறிப்புகளில் இது மணமோதிரமாகவே பேசப்படுகிறது. மீனவக் குடும்பங்களில் தாய் தன் மோதிரத்தை மகளுக்குக் கொடுப்பாள். அவள் தன் மகளுக்குக் கொடுப்பாள். குடும்பத்தில் இருந்த பொன் பெரும்பாலும் அது ஒன்றே. அப்போது மோதிரம் சொன்ன செய்தி, 'இவள் இன்னார் வீட்டுப் பெண்' என்பதும், 'இவள் மணமானவள்' என்பதுமே. அனைவரும் அனைவரையும் அறிந்த சிற்றூரில், யாருக்குத் துணை உண்டு, யாருக்கு இல்லை என்பதை விரலைப் பார்த்து அறிய வேண்டிய தேவை எழவில்லை.

1845 முதல் 1852 வரை அயர்லாந்தைப் பெரும்பஞ்சம் வாட்டியது. உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்தது. சுமார் 10 இலட்சம் பேர் மடிந்தனர். ஏறத்தாழ அதே எண்ணிக்கையினர் நாட்டைவிட்டு வெளியேறினர். பசிக்கு முன் பரம்பரைச் சொத்து நிற்கவில்லை. மோதிரங்கள் அடகுக்குப் போயின; மீட்க ஆளில்லாமல் உருக்கப்பட்டவையும் உண்டு. விரலில் தங்கிய மோதிரங்கள் அமெரிக்காவுக்கும் பிற நாடுகளுக்கும் கடல் கடந்தன. அங்கே அவற்றின் செய்தி மாறியது. பாஸ்டனிலோ நியூயார்க்கிலோ அந்த மோதிரத்தைக் கண்டவர் அணிந்தவரின் மணநிலையை எண்ணவில்லை. 'இவர் அயர்லாந்துக்காரர்' என்றே படித்தார்.

கிரீடத்தை ஆங்கிலேய அரசின் சின்னமாகக் கண்டு விரும்பாதவர்களும் இருந்தனர். கிரீடம் நீக்கப்பட்ட வடிவம் ஒன்றும் உள்ளது. விடுதலைப் போராட்ட இயக்கத்தின் பெயரால் அதை 'ஃபெனியன் கிளாடா' என்பர். அன்பின் அணி அரசியல் அணியாகவும் படிக்கப்பட்டதற்கு இது சான்று.

இன்று அணியும் முறை

இப்போது பரவலாகச் சொல்லப்படும் விதிகள் நான்கு:

1. வலக்கையில், இதயத்தின் கூர்முனை விரல் நுனியை நோக்கி இருந்தால், அணிந்தவருக்குத் துணை இல்லை, காதலை எதிர்நோக்கக்கூடியவர்.
2. வலக்கையில், கூர்முனை மணிக்கட்டை நோக்கி இருந்தால், அவர் ஒருவரை விரும்புகிறார். இதயம் ஏற்கெனவே ஒருவருக்கு உரியது.
3. இடக்கையில், கூர்முனை விரல் நுனியை நோக்கி இருந்தால், திருமணம் நிச்சயிக்கப்பட்டவர்.
4. இடக்கையில், கூர்முனை மணிக்கட்டை நோக்கி இருந்தால், மணமானவர்.

இந்த விதிகள் 20ஆம் நூற்றாண்டில், மோதிரம் நினைவுப்பொருளாகப் பெருமளவில் விற்பனையான காலத்தில் பரவின. நகைப்பெட்டிக்குள் வைக்கப்படும் சிறிய விளக்க அட்டைகள் அவற்றை நாடு நாடாகக் கொண்டுசென்றன. 1998இல் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரான 'பஃபி'யில் காதலன் காதலிக்கு இந்த மோதிரத்தைக் கொடுத்து, இதயத்தைத் தன் பக்கம் திருப்பி அணிவதன் பொருளை விளக்கும் காட்சி வந்தது. அயர்லாந்தைப் பார்த்திராத இளைஞர்கள் பலர் இவ்விதியை அறிந்தது அந்தத் தொடரால்தான்.

ஒரே ஊரில் அனைவரும் அறிமுகமானவர்களாக வாழ்ந்தபோது தேவைப்படாத குறியீடு, அறிமுகமில்லாதவர்கள் நிறைந்த நகர வாழ்க்கையில் தேவைப்பட்டது. அவர்கள் அதைப் பழைய மோதிரத்தின் மேல் ஏற்றிக்கொண்டனர்.

ஒப்பிடத்தக்க அணிகள்

ஜெர்மனியின் பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் பெண்கள் அணியும் 'டிர்ண்டல்' உடையில் இடுப்பு நாடாவின் முடிச்சுக்கு இதுபோன்ற விதி உண்டு. அணிந்தவரின் இடப்பக்கம் முடிந்தால் துணையில்லாதவர். வலப்பக்கம் முடிந்தால் துணை உள்ளவர். பின்பக்கம் முடிந்தால் கைம்பெண் அல்லது விருந்தில் பரிமாறும் பணிப்பெண் என்பர். மியூனிக் நகரின் அக்டோபர் திருவிழாவுக்கு வரும் பயணிகளுக்கு இவ்விதி தவறாமல் சொல்லப்படுகிறது. இதுவும் அண்மைக் காலத்தில் வலுப்பெற்ற வழக்கமே.

ஹவாய், தாகிட்டி முதலிய பசிபிக் தீவுகளில் காதில் செருகும் பூவும் பேசும். வலக்காதில் இருந்தால் துணையில்லாதவர், இடக்காதில் இருந்தால் துணை உள்ளவர் என்பது பொதுவான விளக்கம். 2023இல் இதே நோக்கத்துக்காகவே பச்சை நிற மோதிரம் ஒன்று சமூக ஊடகங்கள் வழியாக விளம்பரமானது. மணமானவருக்கு மோதிரம் இருக்கும்போது தனித்திருப்பவருக்கும் ஒன்று ஏன் கூடாது என்பது அதன் அடிப்படை எண்ணம்.

சங்ககாலத் தமிழகத்தில் மணமாகாமைக்கு அடையாளமாக இருந்த அணி சிலம்பு. பெண் சிறுவயது முதல் காலில் அணிந்திருந்த சிலம்பைத் திருமணத்துக்கு முன் கழற்றும் சடங்குக்குச் 'சிலம்புகழி நோன்பு' என்று பெயர். ஐங்குறுநூறு, நற்றிணை, அகநானூறு ஆகியவற்றில் இது பேசப்படுகிறது. தலைவனோடு உடன்போக்குச் சென்ற மகளின் சிலம்பைத் தலைவனின் வீட்டார் கழற்றிவிடுவார்களோ என்பது பெற்ற தாயின் வருத்தம். சிலம்பு கழிக்கும் சடங்கை அவர்கள் வீட்டில் செய்தாலும், திருமணத்தையாவது எங்கள் வீட்டில் நடத்தக்கூடாதா என்று அவள் ஏங்கும் பாட்டு ஐங்குறுநூற்றில் உண்டு. அந்த அடையாளத்தை நீக்கும் உரிமை பெண்ணுக்கு இல்லை. இரு குடும்பங்களுக்கு இடையே அது கேள்வியாக நின்றது. சிலப்பதிகாரத்திலோ மணமான கண்ணகியிடமும் சிலம்பு இருக்கிறது. தமிழகத்துக்குள்ளேயே ஓர் அணியின் பொருள் ஒரே நிலையில் நிற்கவில்லை என்பதை இது காட்டுகிறது.

அடையாளமும் சம்மதமும்

இத்தகைய அணிகளில் மூன்று செய்திகளைக் காணலாம். முதலாவது, அணிபவரும் பார்ப்பவரும் ஒரே விதியை அறிந்திருந்தால்தான் அணி பேசும். வடிவம் அழகாக இருக்கிறது என்று வாங்கி, கையில் வந்தபடி அணிந்தவரும் உண்டு; பாட்டி நினைவாக அணிந்தவரும் உண்டு. அவர்கள் எந்தச் செய்தியையும் சொல்லவில்லை.

இரண்டாவது, அடையாளத்தை யார் முடிவு செய்கிறார் என்பது. சிலம்பு குடும்பம் பூட்டி, குடும்பம் கழற்றிய அணி. மெட்டியும் தாலியும் பெண்ணின் மணநிலையை ஊருக்கு அறிவிக்க, ஆணின் உடலில் அதற்கு ஈடான அறிவிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. கிளாடா மோதிரத்தின் இன்றைய விதி இந்த இடத்தில் வேறுபடுகிறது. ஆணும் பெண்ணும் ஒரே மோதிரத்தை ஒரே விதிப்படி அணிகின்றனர். திருப்பி அணிவதும், கழற்றி வைப்பதும் அணிபவரின் விருப்பம்.

மூன்றாவது, அடையாளத்தின் எல்லை. மோதிரத்தின் முனை வெளிப்பக்கம் நோக்கியிருப்பதால் எவரும் அணுகலாம் என்றோ, அணுகினால் மறுக்கக்கூடாது என்றோ பொருள் இல்லை. 'எனக்குத் துணை இல்லை' என்பது ஒரு தகவல். 'உன்னை எனக்குப் பிடிக்கிறது' என்பது ஒரு விடை. முன்னதை மோதிரம் சொல்லலாம். பின்னதை அணிந்தவர் தம் வாயால்தான் சொல்ல வேண்டும். டிர்ண்டல் அணிந்த பெண்ணானாலும் பூச்சூடிய பெண்ணானாலும் இதில் வேறுபாடு இல்லை.

இன்றும் கால்வே நகைக்கடைகளில் இந்த மோதிரம் வெள்ளியிலும் பொன்னிலும் கிடைக்கிறது. வாங்குவோருள் மணமக்கள் உண்டு, அயர்லாந்து வழிவந்தவர் உண்டு, நினைவுப்பொருள் தேடும் பயணிகளும் உண்டு. 300 ஆண்டுகளாக வடிவம் ஏறத்தாழ அதே கைகள், அதே இதயம், அதே கிரீடம். அதன் பொருளை ஒவ்வொரு தலைமுறையும் தன் தேவைக்கேற்ப எழுதிக்கொண்டு வந்திருக்கிறது.